இரண்டே முக்கால் மணி நேரம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் இங்கே இரண்டு பேருக்கும் தூக்கம் வரும்.

நீ போன அன்று நடந்த கூத்தைக் கேள். விமான நிலையத்துக்கு வந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன் என்றுதான் நான் வீட்டிலேயே நின்றுவிட்டேன். ஒன்பது நாற்பதுக்கு உன்னை ஏற்றிவிட்ட மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்காவது வர வேண்டாமா? இருட்டிய பிறகு, ஏழு மணிக்கு வந்து நிற்கிறார். கேட்டால், "பஸ்ஸை விட்டுட்டேம்மா" என்கிறார். முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்து, விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பிவிட்டவர் பஸ்ஸை விட்டுவிட்டாராம். கீழே தையல்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "விசிலய்யாவே பஸ்ஸை விட்டா, நாங்கல்லாம் எங்க போறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கட்டிலைப் பார்த்ததும் மறுபடி அழுகைதான். இரண்டு நாள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பா உன் டிக்கெட்டின் நகலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"புறப்படறது 9.40. போய்ச் சேர்றது 12.25. எவ்வளவு நேரம்?"

"ரெண்டே முக்கால் மணி நேரம்."

"உங்க சித்தி வீட்டுக்குப் பஸ்ல போக?"

"மூணரை."

"அப்ப யாரு தூரத்துல இருக்கா? சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் லென்ஸெல்லாம் எனக்காகக் காத்துக் கிடந்தன. நீதான் விமானக் கணக்குப் போடுகிறவன் ஆயிற்றே, அப்பா சொன்னது சரிதானா? ஒரு வார்த்தை எழுது. எழுத்தில் பார்த்தால் எனக்கு இன்னும் திடமாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அக்கா

•

மார்ச் 18
(அனுப்பாத கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது.

அப்பா சொன்னது சரியில்லை. அந்த 12.25 இந்த ஊர்க் கடிகாரம். இங்கே நேரம் நம் ஊருக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நான் இறங்கியபோது உங்கள் சுவர்க் கடிகாரத்தில் மாலை நாலு ஐம்பத்தைந்து ஆகியிருக்கும். நான் வந்தது ஏழே கால் மணி நேரம், அக்கா. ஆறாயிரத்து இருபது கிலோமீட்டர். நேர் விமானம் புதனும் சனியும் மட்டும்தான். மற்ற நாட்களில் வேறோர் ஊரில் இறங்கிக் காத்துக் கிடந்து மாற வேண்டும், ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும்.

இதைக் கணக்குப் போட்டுத் தருவதற்குத்தான் எனக்கு இங்கே சம்பளம். இந்த விமான நிலையத்துக்கும் அந்த விமான நிலையத்துக்கும் நடுவே கோடு இழுத்து, தூரத்தை அளந்து, காற்று எதிரே வருகிறதா பின்னாலிருந்து தள்ளுகிறதா என்று பார்த்து, எத்தனை மணி நேரம் என்று விமானியின் கையில் எழுதிக் கொடுக்கிறேன். ஐந்து நிமிஷம் பிசகினாலும் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார்.

இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரிய

•

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் உடம்பையும் அப்பா உடம்பையும் பார்த்துக்கொள்.

அப்பாவின் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது? நீ நிம்மதியாக இரு.

அறை சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். கூட இருப்பவர் விமானத்தில் பெட்டி ஏற்றுகிற பிரிவில் வேலை செய்கிறார். தூக்கத்தில்கூட "மெல்ல, மெல்ல" என்கிறார். சமையல் நான்தான். நேற்று பருப்பு அடிப்பிடித்தது. நீ பக்கத்தில் இருந்தால் என் மண்டையிலேயே கொட்டியிருப்பாய்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி

•

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கொஞ்சம் இருமல், தூசியாக இருக்கும். உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைத் தையல்கடைக்காரரிடம் காட்டினேன். அதுமுதல் தெருவில் என்னை யார் கேட்டாலும், "ரெண்டே முக்கால் மணி நேரம்தான், டீயைக் குடிச்சு டம்ளரைக் கழுவி வைக்கறதுக்குள்ள வந்துருவான்" என்கிறேன். கடை முதலாளி, "இவ்வளவு பக்கத்துல இருக்கறவன் ஞாயித்துக்கிழமை வந்து தலையைக் காட்டிட்டுப் போலாமே" என்றார். அவருக்கு வேலையின் அருமை தெரியாது என்று நான் உன் கட்சி பேசினேன்.

அப்பா இப்போது மாடிப்படியில் நடுவில் ஒரு தடவை நின்றுதான் ஏறுகிறார். ஏன் என்றால், "இது ஸ்டாப்பிங்" என்கிறார். குறும்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இப்படிக்கு,
அக்கா

•

ஜூன் 2

மகனுக்கு,

நலம். உன் நலத்துக்கு என் ஆசி.

அக்கா கடைக்குப் போயிருக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன். முதல் வருஷம் வேலையில் கண்ணும் கருத்துமாக இரு. லீவு கேட்டு யாரிடமும் நிற்காதே. வேலையை நிரந்தரம் பண்ணிய பிறகு வா, போதும்.

இங்கே நேரக் கணக்கு என் பொறுப்பு. நீ காற்றுக் கணக்கைப் பார்.

அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

அப்பா

•

ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுதவும்.

என் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை இத்துடன் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கீழே தையல்கடையிலிருந்து பேசலாம். எதுவாக இருந்தாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்து நிற்பேன்.

அப்பா, உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி காற்றுக் கணக்கைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன், உன் தம்பி

•

செப்டம்பர் 7

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகம்தானே? நான் சுகம். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் அப்பா வந்து, "என்ன எழுதற, படி" என்கிறார். படித்துக் காட்ட முடியாததை எப்படி எழுதுவது?

இப்போது அவர் தூங்குகிறார். மத்தியானத்தில் தூங்குகிற ஆளா அவர்? சட்டையின் தோள் இரண்டு பக்கமும் இறங்கித் தொங்குகிறது. தையல்கடைக்காரர் பிடித்துத் தைத்துக் கொடுத்தார், கேலிகூடப் பண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசியால் நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார்கள். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் அவர் மட்டும் பேசினார். என்ன சொன்னார் என்றால், "வண்டி பழசு, ஓடற வரைக்கும் ஓடும்னாரு" என்கிறார்.

உன்னைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். எப்போதும்போல அதே பதில்தான். "ரெண்டே முக்கால் மணி நேரத்துல இருக்கறவனை எதுக்கு இப்பவே கூப்பிடணும்? தேவைப்படற அன்னைக்குக் கூப்பிட்டுக்கலாம். வீணா அவன் வேலையைக் கெடுக்காதே."

அதுவும் சரிதான் என்று பட்டது. நீ பக்கத்தில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் நடமாடுகிறேன்.

இப்படிக்கு,
அக்கா

•

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மேலதிகாரியிடம் கேட்டேன். நவம்பரில் லீவு பார்க்கலாம் என்றார். அதற்கு முன் ஏதாவது என்றால் கொஞ்சம் முன்கூட்டியே சொல், அக்கா. டிக்கெட் கிடைப்பது சில நாளில் சிரமம். இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் நல்லது. அப்பா வேண்டாம் என்றாலும் சொல்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

•

நவம்பர் 9

தம்பிக்கு,

நீ அங்கே போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன்.

நீ ஒரு வாரம் இங்கே இருந்தாய். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாய். அந்த வியாழக்கிழமையைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அன்றைக்கே உன்னைக் கூப்பிடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். புதன்கிழமை கொஞ்சம் கஞ்சி குடித்தார், சரியாகிவிடும் என்று நினைத்தேன். வியாழன் காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இனி அவரைக் கேட்பதில்லை என்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "உடனே கிளம்பி வாடா" என்றேன். நீ "வர்றேன்க்கா" என்றாய். அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "மூணு மணிக்கு வந்துருவான்ப்பா." தலையை ஆட்டினார். மூன்று மணி ஆனதும், "நீ கீழ வாசல்ல போய் நில்லு. அவனுக்கு எந்த வார்டுன்னு தெரியாது, தேடிட்டு அலைவான்" என்றார். அவரை விட்டுப் போக எனக்கு மனசில்லை. "போம்மா" என்று அதட்டினார். போனேன்.

வாசலில் நின்றேன். வருகிற ஒவ்வொரு டாக்ஸிக்குள்ளும் குனிந்து பார்த்தேன். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு நர்ஸம்மா இறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

நீ மறுநாள் நாலு மணிக்கு வந்தாய். "சீட் கிடைக்கலக்கா" என்றாய். முன்கூட்டியே சொல் என்று நீ எழுதிய கடிதமும் அன்றைக்குத்தான் வந்தது. இரண்டே முக்கால் மணி நேரத்தில் இருப்பவனுக்கு எதற்கு இரண்டு மூன்று நாள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் கூப்பிட்ட பிறகு இருபத்தெட்டு மணி நேரம் எங்கே இருந்தாய்?

அக்கா

•

நவம்பர் 25

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இத்துடன் ஒரு பழைய கடிதம் இருக்கிறது. மார்ச் மாதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தது. முதலில் அதைப் படி, பிறகு இதைப் படி.

படித்தாயா? நீ போனில் கூப்பிட்டபோது இங்கே காலை ஏழரை. நான் அப்போதுதான் மேஜையில் வந்து உட்கார்ந்தேன். வியாழக்கிழமைக்கு நேர் விமானம் கிடையாது. ஓடி அலைந்து மத்தியானம் ஒரு விமானத்தில் ஏறினேன். நடுவில் ஓர் ஊரில் ஒன்பது மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை விமானங்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன், அன்றைக்கு ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

நீ அழாமல் இருந்தால் போதும் என்றுதான் மார்ச்சில் உண்மையைச் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையை எழுதியிருந்தால் நீ செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டிருப்பாய். புதன்கிழமை நேர் விமானத்தில் ஏறி இருட்டுவதற்குள் இல்லாவிட்டாலும் எட்டு மணிக்கு இறங்கியிருப்பேன். அப்பா கஞ்சி குடித்தார் என்றாயே, அந்த அப்பாவைப் பார்த்திருப்பேன். இதைத்தான் தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் கடைசிவரை நான் மூன்று மணிக்கு வருவேன் என்று நம்பிக்கொண்டு கிடந்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

திட்ட வேண்டுமானால் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

•

டிசம்பர் 30

தம்பிக்கு,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உனக்கு எழுதுவதே இல்லை என்றிருந்தேன். ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிப்பையைத் திறந்தேன். அதுவரை கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டு, தொடாமல்தான் வைத்திருந்தேன். உள்ளே அவர் கண்ணாடி, ஒரு துண்டு, அந்த விசில், சட்டைப் பையில் வைக்கிற குறிப்பேடு. வேலையை விட்டு எட்டு வருஷமாகியும் அவர் குறிப்பேட்டை விடவில்லை என்பது உனக்குத் தெரியும். வண்டி கிளம்பிய நேரம் ஒரு பக்கம், சேர்ந்த நேரம் ஒரு பக்கம். சேர்ந்தது எழுதாமல் அவர் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை.

நீ போன நாளின் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்.

"மகன். புறப்பாடு 9.40. சேர்ந்தது 4.55, நம் கடிகாரம். விசாரணை கவுண்டரில் கேட்டது. ஓட்டம் 7.15. நேர் வண்டி புதன், சனி." அதற்குக் கீழே ஒரு கோடு. "பெண்ணுக்கு 2.45."

புரிகிறதா? அவர் அன்றைக்குப் பஸ்ஸை விடவில்லை. நீ தரையில் இறங்கிவிட்டாய் என்று கவுண்டர்க்காரர் சொல்கிறவரை விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஏழே கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டே முக்கால் என்றிருக்கிறார். நீ மறைத்தது அவருக்குத் தெரியும். அவர் மறைத்தது உனக்குத் தெரியாது. அவர் உன்னை நம்பிக்கொண்டு கிடக்கவில்லை, தம்பி. வரமாட்டாய் என்று தெரிந்தேதான் கிடந்தார். தெரிந்தேதான் செவ்வாய்க்கிழமை என் கையைப் பிடித்தார்.

கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. அந்த வியாழக்கிழமை எழுதியது.

"12.00 மகனுக்குத் தகவல். நாளைக்குத்தான் வர முடியும். 3.00 பெண், வாசலுக்கு."

என்னையும் ஒரு வண்டியாக எழுதி அனுப்பியிருக்கிறார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே என்னை வாசலில் நிறுத்தியிருக்கிறார், தான் மூச்சுக்குத் திணறுவதை நான் பார்க்க வேண்டாம் என்று. என் பெயருக்கு எதிரே, சேர்ந்தது என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி அப்பாவின் பக்கம் போய்விட்டது. அவரிடம் சண்டை போட இப்போது ஆள் இல்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. பகலெல்லாம் ஊராருக்குக் கண்ணாடி மாட்டிக் கண் தெரிய வைக்கிறேன். நான் அழுவேன் என்று நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தூரத்தை மறைத்தீர்கள். அழுதிருப்பேன்தான். அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்திருப்பேன்.

இனிமேல் எனக்கு எது எழுதினாலும் சரியான கணக்கை எழுது.

அக்கா

•

ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. அப்பாவின் நினைவாகவே இருக்கிறது, தூக்கம் சரியில்லை. நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று தெரியும்.

லீவு கிடைத்துவிட்டது. பிப்ரவரி பத்தாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். இந்த ஊர்க் கடிகாரப்படி காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும். அப்போது உன் கடிகாரத்தில் மத்தியானம் ஒன்றரை. வருகிற திசையில் காற்று பின்னாலிருந்து தள்ளும், அதனால் ஆறு மணி நேரம் முப்பத்தைந்து நிமிஷம். உன் கடிகாரத்தில் இரவு எட்டு ஐந்துக்கு இறங்குவேன். பெட்டி வரவும், டாக்ஸி பிடிக்கவும், வீடு வந்து சேரவும் இரண்டு மணி நேரம். பத்து மணிக்கு முன்னால் என்னை எதிர்பார்க்காதே. தூரம் ஆறாயிரத்து இருபது கிலோமீட்டர். ஒன்றும் குறைத்து எழுதவில்லை.

வாசலில் வந்து நிற்காதே, அக்கா. வீடு எனக்குத் தெரியும். நீ மேலேயே உட்கார்ந்திரு. நான் படியேறி வந்த பிறகு, அந்தக் குறிப்பேட்டில் சேர்ந்த நேரத்தை நீ எழுது.

தம்பி